நிறுத்துக் கடிகாரம் சொல்லாத வயது

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அறிவியல் ஆசிரியர். விளையாட்டு வல்லுநர் அல்ல. எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்த இரண்டு ஆண்டுகள், குறுவட்டப் போட்டிகளுக்கு மாணவர்களைத் தேர்வு செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அப்போது நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

ஏழாம் வகுப்பு மாணவர்களை 100 மீட்டர் ஓடவிட்டு, நிறுத்துக் கடிகாரத்துடன் எல்லைக்கோட்டில் நின்றேன். முதலில் வந்த மாணவனுக்கு அப்போதே மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. கடைசியாக வந்தவன் அவனுடைய தோள் உயரம்கூட இல்லை. முதலில் வந்தவனை அணியில் சேர்த்தேன். கடைசியாக வந்தவனிடம், "உனக்கு ஓட்டம் வராதுப்பா, படிப்பைப் பாரு" என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

மூன்று ஆண்டுகள் கழித்துப் பத்தாம் வகுப்பில் அந்தச் சிறுவன் என்னைவிட உயரமாக இருந்தான். ஒருநாள் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறியதைப் பார்த்து, "ஓட வர்றியாப்பா?" என்று கேட்டேன். "நீங்கதானே சார் எனக்கு ஓட்டம் வராதுன்னு சொன்னீங்க" என்றான். அதில் கோபம் இல்லை. நான் சொன்னதை அவன் அப்படியே நம்பியிருந்தான். முதலில் வந்தவனோ ஒன்பதாம் வகுப்பிலேயே மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். தனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக முந்தியபோது, தனக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் அதை விளக்கிச் சொல்லத் தெரியவில்லை.

இத்தனைக்கும் சுவாசித்தல் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவன் நான். அந்தப் பாடத்துக்குள்ளேயே விடை இருந்தது.

தசை சுருங்குவதற்கு ஏடிபி வேண்டும். தசையில் சேமித்து வைத்திருக்கும் ஏடிபி இரண்டு மூன்று நொடிகளுக்குத்தான் போதும். அதைப் புதுப்பிக்க உடலுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது கிரியேட்டின் பாஸ்பேட். இது முழு வேகத்தில் ஏறத்தாழ 10 நொடிகள் தாங்கும். இரண்டாவது, ஆக்சிஜன் இல்லாமல் குளுக்கோஸைச் சிதைப்பது. அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரையிலான கடும் ஓட்டத்தில் இதன் பங்கு பெரிது. லாக்டிக் அமிலம் சேர்வது இதனால்தான். மூன்றாவது, ஆக்சிஜனுடன் சிதைப்பது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து காற்றில்லா வழியில் 2 ஏடிபி கிடைத்தால், காற்றுள்ள வழியில் 30-க்கும் மேல் கிடைக்கும். ஆனால் இது மெதுவான வழி. 100 மீட்டர் ஓட்டம் பெரும்பாலும் முதல் இரண்டு வழிகளை நம்பியது. மாரத்தான் பெரும்பாலும் மூன்றாவதை நம்பியது.

இந்த மூன்றும் எல்லா வயதிலும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. நான் தவறவிட்டது இதைத்தான்.

முதலில் காற்றுள்ள திறனைப் பார்ப்போம். ஒரு நிமிடத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜனைக் கொண்டு இதை அளக்கிறார்கள். ஆண் குழந்தைகளில் இது 8 வயதிலும் 18 வயதிலும் ஏறத்தாழ ஒன்றுதான். 48 முதல் 50 மில்லிலிட்டர் வரை இருக்கும். அதாவது, எடைக்கு எடை பார்த்தால் மூன்றாம் வகுப்புச் சிறுவன் இந்தத் திறனில் பெரியவர்களுக்குக் குறைந்தவன் அல்ல.

காற்றில்லா திறன் அப்படியல்ல. எடைக்கு எடை பார்த்தாலும் சிறுவர்களிடம் இது பெரியவர்களைவிடக் குறைவு. தசையின் அளவு மட்டும் இதற்குக் காரணமல்ல. குளுக்கோஸை வேகமாகச் சிதைக்கும் நொதிகளின் செயல்பாடும் பருவமடைவதற்கு முன் குறைவாகவே இருக்கிறது. அதனால்தான் கடும் ஓட்டத்துக்குப் பிறகும் சிறுவர்களின் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் குறைவாகச் சேர்கிறது. அவர்கள் விரைவில் களைப்பு நீங்கி எழுகிறார்கள். இடைவேளையில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைக் கவனியுங்கள். பத்து நொடி பாய்ந்து ஓடுவார்கள், நிற்பார்கள், மீண்டும் பாய்வார்கள். அவர்கள் உடலுக்குப் பொருத்தமான பயிற்சியை அவர்களே செய்துகொள்கிறார்கள். அதே குழந்தையை 400 மீட்டர் முழு வேகத்தில் ஓடச் சொன்னால், அந்த வயதில் இன்னும் முழுமையாக வராத ஒரு வழியிலிருந்து ஆற்றலைக் கேட்கிறோம்.

இந்த வழி திறப்பது பருவமடையும்போதுதான். உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் பெண் குழந்தைகளுக்குச் சராசரியாக 12 வயதிலும், ஆண் குழந்தைகளுக்கு 14 வயதிலும் வருகிறது. சராசரி என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். 13 வயது மாணவர்கள் இருவரில் ஒருவனின் உடல் 11 வயதுக்குரியதாகவும், மற்றவனின் உடல் 15 வயதுக்குரியதாகவும் இருக்கலாம். இருவரும் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஒரே கோட்டில்தான் நிற்பார்கள். பிறப்புச் சான்றிதழ் இருவருக்கும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒருவனுக்குக் காற்றில்லா வழி திறந்துவிட்டது. மற்றவனுக்கு இன்னும் திறக்கவில்லை. அன்று என் கடிகாரம் காட்டியது இந்த வேறுபாட்டைத்தான். அதை நான் திறமை என்று படித்தேன்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பருவமடைந்த பின் எடைக்கேற்ற ஆக்சிஜன் திறன் அவர்களிடம் சற்றுக் குறைகிறது. உடல் கொழுப்பு கூடுவது ஒரு காரணம். ஆண்களுக்குக் கூடுவது போல ஹீமோகுளோபின் அவர்களுக்குக் கூடுவதில்லை என்பது இன்னொரு காரணம். இவை இயற்கை. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இது இயற்கை அல்ல. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே குறைவாக இருக்கும் பெண்ணிடம், "சோம்பேறித்தனமா ஓடாதே" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்? வாரந்தோறும் வகுப்பில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒரு விளையாட்டுப் பயிற்சிதான்.

இனி வயதின் மறுமுனை. 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடிகளில் ஓடியபோது அவருக்கு வயது 22. அதே பெர்லினில் 2022இல் எலியுட் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 9 நொடிகளில் மாரத்தான் ஓடி உலக சாதனை படைத்தபோது அவருக்கு வயது 37. 1984 ஒலிம்பிக் மாரத்தானை வென்ற போர்ச்சுகலின் கார்லோஸ் லோபஸுக்கும் 37 வயதுதான். வேகமாகச் சுருங்கும் தசை நார்கள் வயதோடு முதலில் மெலிகின்றன. அதனால் பாய்ச்சல் முதலில் குறைகிறது. நீடித்து ஓடும் திறன் மெதுவாகவே இறங்குகிறது.

அதுவும் இறங்காமல் இல்லை. உடற்பயிற்சி இல்லாதவர்களுக்கு, 30 வயதுக்குப் பின் ஆக்சிஜன் திறன் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு இந்த இழப்பு பாதியளவாகலாம். இதயத்தின் உச்சத் துடிப்பு குறைவதைப் பயிற்சியால் தடுக்க முடியாது. தசையையும் இரத்த ஓட்டத்தையும் காப்பாற்ற முடியும். கனடாவின் எட் விட்லாக் தன் வீட்டருகே உள்ள கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி நாள்தோறும் மணிக்கணக்கில் ஓடிப் பழகினார். 2004இல் டொரண்டோ மாரத்தானை 73 வயதில் 2 மணி 54 நிமிடங்களில் முடித்தார்.

நம் வயதுக்கு வருவோம். சென்ற ஆண்டு ஆசிரியர்களுக்கான 100 மீட்டர் ஓட்டத்தில் நானும் நின்றேன். உடலைத் தயார்ப்படுத்தாமல், கல்லூரி நினைப்பில் பாய்ந்தேன். பாதி தூரத்தில் தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் நொண்டினேன். நாற்பதைக் கடந்தவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: தினமும் வேக நடை, வாரம் இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி, பாய்வதற்கு முன் நன்றாக உடலைச் சூடேற்றுவது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

பள்ளியில் என்ன செய்யலாம்? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

ஒன்று, பருவத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து, ஓட்ட நேரத்துக்குப் பக்கத்திலேயே குறித்து வைக்கிறேன். வேகம் கூடியவன் வளர்ந்ததால் கூடினானா, பயிற்சியால் கூடினானா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டு, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஒரே போட்டிக்கு உரியவர் என்று முடிவு செய்வதில்லை. தொடக்க வகுப்புகளுக்குக் குறுகிய பாய்ச்சல்களும் போதிய ஓய்வும் உள்ள விளையாட்டுகள் போதும். ஓடிப்பிடித்தலும் கோ-கோவும் அதற்குப் பொருத்தமானவை.

மூன்று, வெயில். எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் தோல் பரப்பு அதிகம், வியர்ப்பதோ குறைவு. கடும் வெயிலில் அவர்கள் உடல் விரைவில் சூடேறும். ஓட்டப் பயிற்சியைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொண்டு, தண்ணீருக்கு இடைவெளி விடுகிறேன்.

நான்கு, உடற்கல்விப் பாடவேளையைக் கடன் கேட்பதை நிறுத்திவிட்டேன். பாடம் முடிக்க வேண்டும் என்று அதிகம் கேட்டவன் நான்தான்.

ஐந்தாவது, வேகமாக ஓடும் மாணவனிடமும் மெதுவாக ஓடும் மாணவனிடமும் ஒரே செய்தியைச் சொல்கிறேன்: "உன் உடம்பு இன்னும் வளர்ந்து முடியலப்பா. அடுத்த வருஷமும் வா, பார்ப்போம்."

அன்று ஏழாம் வகுப்பு மாணவர்கள் இருவரிடமும் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். அவர்கள் இருவரும் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் 38 பேர் இருக்கிறார்கள். அடுத்த வாரம் அவர்களை ஓடவிடப் போகிறேன்.