சட்டத்தில் இருப்பது தெருவுக்கும் வரணும்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்துல இருந்துகிட்டு அமெரிக்காவைப் பத்திப் பேசுறேன்னு நினைக்காதீங்க, விஷயம் நம்மளதுதான்.

எல்லா மனிதரும் சமம் என்று 1776-ல் எழுதி வைத்த நாடு அது. ஆனால் கறுப்பின மக்களை அடிமையாக வைத்திருந்தது 1865-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கப்புறமும் தென்பகுதி மாநிலங்களில் பள்ளிக்கூடம், பஸ் எல்லாவற்றிலும் அவர்களை ஒதுக்கினார்கள்.

1913-ல் நியூயார்க்குக்குப் படிக்கப் போனவர் அம்பேத்கர். அந்த மக்கள் நிலையும் இங்கே தீண்டாமையும் ஒரே மாதிரி இருக்கிறது என்று கறுப்பினத் தலைவர் டுபாய்சுக்கு 1946-ல் கடிதம் எழுதினார். நம்ம அரசியல் சட்டம் முடிகிற நேரத்தில், 1949 நவம்பர் 25-ல், ஓட்டில் சமம் வந்துவிடும், வாழ்க்கையில் வரவில்லை, இதைச் சீக்கிரம் சரி செய்யணும் என்று எச்சரித்தார்.

அக்கா தங்கச்சிகளே, குழுவில் சேமிப்பும் கடனும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனா எங்க குழுக் கூட்டம் எட்டு வருஷமா ஊர்த்தெருவுலதான் நடந்துச்சு. காலனி அக்காங்க இங்க வந்தாங்க. நாங்க அங்க போனதில்லை. நானும்தான். போன தை மாசம் முதல் தடவையா காலனியில ஒரு அக்கா வீட்டுல உட்கார்ந்தோம். டீ கொடுத்தாங்க. ரெண்டு பேர் டம்ளரைத் தொடலை. அடுத்த கூட்டமும் அங்கேயே வைத்தோம். ஒருத்தங்க குடிச்சாங்க.