விமானத்தைத் திருப்புவதா, விடுவதா?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் பேச வருகிறார் என்றதும் நீரிழிவைப் பற்றித்தான் சொல்வார் என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் வகுப்பு வைத்தியர்கள் நாங்கள் இந்த மேடையில் அதை மாறிமாறிப் பேசிவிட்டோம். பேசி இறங்கினால் எல்லோர் தட்டிலும் இரண்டு லட்டு இருக்கும். ஆகவே இம்முறை வேறு விடயம். ஒரு பயணிமீது சந்தேகம் எழும்போது, விமானத்தைத் திருப்புவதா விடுவதா என்று அதன் பணியாளர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்? இன்று இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் பறந்து வந்தவர்கள். எனவே இது எங்கள் வீட்டு விடயமுந்தான்.

சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோக் கிளையின் ஒன்றுகூடலுக்கு நாங்கள் ஒன்பது பேர் ஒரே விமானத்தில் போனோம். ஆசனங்கள் ஒன்றாகக் கிடைக்கவில்லை. ஆசனப்பட்டி விளக்கு அணைய முதலே ஒருத்தி எழுந்து பின்னுக்குப் போனாள். இன்னொருத்தி மேலே இருந்த பையை இறக்கி, நான்கு வரிசை தாண்டிக் கைமாற்றிவிட்டாள். உள்ளே இருந்தது பருத்தித்துறை வடை. பக்கத்தில் இருந்த ஒருவர் மணியை அழுத்தினார். பணிப்பெண் வந்தார், எங்கள் ஆசனத்தருகே குந்தியிருந்து, "எல்லோரும் ஒன்றாகப் போகிறீர்களா? எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தின் கதை முழுவதையும் சொன்னோம். சிரித்தார். விளக்கு அணையும்வரை இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே போன்ற நடத்தை இன்னொரு விமானத்தில் எப்படி முடிந்தது என்று பாருங்கள். 2006 ஓகஸ்ட் 23ஆம் திகதி, ஆம்ஸ்ரர்டாமிலிருந்து மும்பாய்க்குப் புறப்பட்ட நோர்த்வெஸ்ட் 42ஆம் இலக்க விமானத்தில் சில பயணிகள் ஆசனப்பட்டியைக் கழற்றினார்கள், கைத்தொலைபேசிகளைக் கைமாற்றினார்கள், பணியாளர் சொல்லியும் கேட்கவில்லை என்று சொல்லப்பட்டது. விமானம் திரும்பியது. இரண்டு எவ்-16 போர் விமானங்கள் துணைக்கு வந்தன. பன்னிரண்டு இந்தியர்கள் கைதுசெய்யப்பட்டார்கள். ஒரு ஆபத்தும் இருக்கவில்லை என்று அடுத்த நாளே அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். அதற்கு இரண்டு கிழமைக்குமுன், ஓகஸ்ட் 10ஆம் திகதி, திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதியொன்றை பிரித்தானியப் பொலிஸார் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தச் செய்தி எல்லோர் மனதிலும் ஈரமாகவே இருந்தது.

இதைப் படித்தபோது வைத்தியர்களாகிய எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. டெங்குக் காலத்தில் விடுதிக்கு வரும் எந்தக் காய்ச்சலும் எங்களுக்கு டெங்குவாகத்தான் தெரியும். மூளைக்காய்ச்சல் ஒன்றைத் தவறவிட்ட கிழமையில், தலையிடி என்று வரும் எந்தப் பிள்ளைக்கும் முள்ளந்தண்டில் ஊசி போடக் கை துடிக்கும். நோயாளி மாறவில்லை, நாங்கள்தான் மாறியிருக்கிறோம். விமானப் பணியாளரும் அப்படித்தான். எங்களுக்காவது இரத்தப் பரிசோதனை இருக்கிறது, மூத்த வைத்தியரை எழுப்பலாம். அவர்களுக்கு முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் கண்ணும் காதும் மூக்கும் மட்டும்.

கப்டனுக்கு அதுவும் இல்லை. 2001 செப்ரெம்பருக்குப் பிறகு விமானி அறையின் கதவு பலப்படுத்தப்பட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று அவர் எழுந்துவந்து பார்க்கமாட்டார். பணிப்பெண் உள்தொலைபேசியில் என்ன சொல்கிறாரோ அதுதான் அவருக்குக் காட்சி. ஆனால் சட்டப்படி முடிவு அவருடையது. 1963ஆம் ஆண்டின் ரோக்கியோ உடன்படிக்கை, நியாயமான காரணம் இருந்தால் ஒரு பயணியைக் கட்டுப்படுத்தவும் இறக்கிவிடவும் கப்டனுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அப்படிச் செய்ததற்காக அவர்மீது வழக்கு வராமலும் காக்கிறது. எல்லாம் தொங்குவது அந்த 'நியாயமான காரணம்' என்ற இரண்டு சொல்லில். "ஒருவர் விசித்திரமாக இருக்கிறார்" என்று தொலைபேசியில் சொன்னால் கப்டனுக்குப் பயம் மட்டுந்தான் போய்ச்சேரும். "இன்ன ஆசனத்தில் இருப்பவர் இரண்டுதரம் தீக்குச்சி உரசினார்" என்றால் அது செய்தி.

தீக்குச்சி என்று சும்மா சொல்லவில்லை. 2001 டிசெம்பர் 22ஆம் திகதி பாரிஸிலிருந்து மயாமிக்குப் போன அமெரிக்கன் எயர்லைன்ஸ் 63ஆம் இலக்க விமானத்தில் தீக்குச்சி மணத்தை முகர்ந்தவர் ஹேர்மிஸ் முத்தார்டியே என்ற பணிப்பெண். றிச்சர்ட் றீட் என்ற பயணியிடம் புகைக்கக் கூடாது என்றார். அவர் சரி என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் திரும்பிவந்து பார்த்தார். றீட் குனிந்திருந்தார், மடியில் சப்பாத்து, அதில் திரி. முத்தார்டியே அவரைப் பிடித்தார், தள்ளி விழுத்தப்பட்டார். உதவிக்கு வந்த கிறிஸ்ரீனா ஜோன்ஸ் என்ற பணிப்பெண்ணின் கையை றீட் கடித்தார். பயணிகள் பாய்ந்து அவரைக் கட்டிப்போட்டார்கள். விமானத்தில் இருந்த வைத்தியர் மயக்கமருந்து கொடுத்தார். விமானம் பொஸ்ரனில் இறங்கியது. முதல்நாள் பாரிஸில் பொலிஸார் விசாரித்ததால் றீட் விமானத்தைத் தவறவிட்டிருந்தார்; அடுத்த நாள் ஏற விடப்பட்டார். நிலத்தில் இருந்தவர்கள் விட்டதைப் பிடித்தது, முகத்தைப் பார்த்துச் சந்தேகித்த ஒருவர் அல்ல. புகைப்பவர் என்று நினைத்து, இரண்டாந்தரம் வந்து பார்த்த ஒருவர்.

இனி எங்கள் தொழிலுக்கு மிகக் கிட்டிய சம்பவம். 2009 நத்தார் தினத்தன்று ஆம்ஸ்ரர்டாமிலிருந்து டெற்றொயிற் போன நோர்த்வெஸ்ட் 253இல் ஒரு நைஜீரிய இளைஞர் உள்ளாடையில் மறைத்த வெடிபொருளைப் பற்றவைக்க முயன்றார். பயணிகளும் பணியாளரும் அடக்கினார்கள். இரண்டு நாள் கழித்து, அதே இலக்க விமானத்தில் இன்னொரு நைஜீரியர் மலசலகூடத்துக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை. பணியாளர் அவசர உதவி கேட்டார்கள்; விமானம் ஒதுக்குப்புறமாக நிறுத்தப்பட்டு எல்லோரும் இறக்கப்பட்டார்கள். அந்த மனிதருக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை.

அந்தப் பணியாளரைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். நோய் சிலவேளை ஆபத்தான ஆளைப் போலவே நடிக்கும். சீனி இறங்கிய நீரிழிவு நோயாளி வியர்ப்பார், தடுமாறுவார், கோபப்படுவார், தொடவந்தவரைத் தள்ளிவிடுவார். வெறிகாரர் என்று நினைப்பார்கள். வலிப்பு முடிந்து எழும்புபவருக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. நாள்தோறும் குடிப்பவர் நீண்ட பயணத்தில் குடிக்காமலிருந்தால் நடுங்கிப் புலம்புவார். முதுமையில் இரவில் கதவைத் தேடி அலையும் அம்மாமாரை நாங்கள் எல்லோரும் வீட்டில் கண்டிருக்கிறோம். ஆகவே "விமானத்தில் வைத்தியர் இருக்கிறாரா?" என்று கேட்டு எங்களை எழுப்பும்போது, உள்ளே இருக்கும் உண்மையான கேள்வி சிலவேளை, "இவர் நோயாளியா, ஆபத்தானவரா?" என்பதுதான். கொஞ்சம் சீனித்தண்ணீர் ஒரு விமானத்தைத் திருப்பாமல் காப்பாற்றலாம். (லட்டுக்கு இது அனுமதியல்ல.)

இரண்டுமாக இருந்த நிகழ்வும் உண்டு. 2017 மே 31ஆம் திகதி இரவு மெல்பேர்ணிலிருந்து கோலாலம்பூர் புறப்பட்ட மலேசிய விமானத்தில், வெடிகுண்டு இருப்பதாகக் கத்திக்கொண்டு விமானி அறைக்குள் போக முயன்றவர் ஒரு இலங்கை இளைஞர். அன்றுதான் மனநல சிகிச்சை முடிந்து வைத்தியசாலையிலிருந்து வெளியே வந்திருந்தார். கப்டன் உடனே திருப்பினார். கையில் இருந்தது குண்டல்ல, ஒலிபெருக்கிச் சாதனம். பயணிகள் அவரைக் கட்டிப்போட்ட பிறகும், ஆயுதப் பொலிஸார் ஏறும்வரை ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக எல்லோரும் உள்ளேயே இருந்தார்கள். திருப்பியது சரியான முடிவு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அந்தப் பிள்ளையின் தாயையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சந்தேகமே வேண்டாம் என்று எங்கள் நாட்டில் ஒருவரும் சொல்ல முடியாது. 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்காவில் எயர் லங்கா விமானத்துக்குள் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். விமானம் தாமதித்து நிலத்தில் நின்றதால்தான் மிகுதிப் பேர் தப்பினார்கள். அதேவேளை, அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததும் "ஒரு பக்கமாக நில்" என்று சொல்லப்பட்ட தலைமுறையும் நாங்கள்தான். பரீட்சை எழுதப் போகும் வழியில் அரைமணித்தியாலம் வெயிலில் நின்றவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். பிறகு "போ" என்பார்கள். ஏன் மறித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

பிழையாகச் சந்தேகிப்பதை முற்றாகத் தவிர்க்க முடியாது. எங்கள் தொழிலிலும் முடியாது. ஆனால் பிழை என்று தெரிந்த பிறகு, அந்த ஆசனத்தருகே வந்து, "இன்ன காரணத்தால் அப்படி நினைத்தோம், மன்னியுங்கள்" என்று சொல்ல முடியும். நோயாளியிடம் அதைச் சொல்ல எங்களுக்கே பல வருடம் எடுத்தது.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. விளக்கு அணையும்வரை இருப்போம். இன்சுலின் போடுபவர்கள் அதை முதலே பணியாளரிடம் சொல்லிவையுங்கள். கேள்வி கேட்டால் முறைக்காமல் பதில் சொல்வோம். மணியை அழுத்தும் விரல் எங்களுடையதாகவும் இருக்கலாம். அப்போது பக்கத்து ஆள் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லுங்கள். தாடியையும் முக்காட்டையும் அவர் பேசும் மொழியையும் விட்டுவிடுங்கள்.

ரொறன்ரோவில் இறங்கும்போது, குந்தியிருந்து எங்களிடம் கேள்வி கேட்ட அந்தப் பணிப்பெண் வாசலில் நின்றார். வடைப் பை ஒன்றை நீட்டினோம். வாங்க முதல், உள்ளே என்ன என்று கேட்டார்.