சைலன்சர் மாற்றப் போகிறீர்களா?



வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. 2000-ஐ ஒட்டி வாங்கிய சான்ட்ரோவோ ஜென்னோ என்று வைத்துக்கொள்வோம். கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக், “சைலன்சர் போச்சு சார், முழு செட்டா மாத்திடலாம்” என்கிறார். கூடவே ஒரு யோசனையும் வரும்: “முன்னாடி இருக்கிற கன்வர்ட்டர் எதுக்கு? வெட்டிட்டு நேர் பைப் போட்டுடலாம். பிக்கப் ஏறும், காசும் மிச்சம்.” அதற்குத் தலையாட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பின்னால் இருக்கிற சத்தம் அடக்கும் டப்பா. இது பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகி, ஆவியாகக் குழாய் வழியே போகிறது. காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டுமே ஓடும் காரில் குழாய் நன்றாகச் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. தண்ணீர் உள்ளேயே தங்கி அரிக்கிறது. இந்த டப்பாவுக்கு நல்ல உள்ளூர்த் தயாரிப்பே போதும். காந்தம் ஒட்டினால் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்லை என்று கடையில் வாதாட வேண்டாம். சைலன்சருக்கு அதிகம் பயன்படும் 409 ரகத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும்.

பணமும் யோசனையும் தேவைப்படுவது முன்னால் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குத்தான். இரும்புக் கூட்டுக்குள் தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 துளைகள் இருப்பது வழக்கம். துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது அந்தப் பூச்சு. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் பட்டால் பூச்சு செத்துவிடும் என்பதால், ஈயமில்லாத பெட்ரோலும் அதே வேளையில் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தது.

கன்வர்ட்டர் வயதாகித் தானே சாவது குறைவு. பெரும்பாலும் வேறொன்று அதைக் கொல்கிறது. ஒரு ஸ்பார்க் பிளக் சரியாகத் தீப்பொறி விடவில்லை என்றால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, பீங்கானையே உருக்கிவிடும். எஞ்சின் ஆயில் குடித்தால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கேஸ்கட்டிலோ வெல்டிங்கிலோ சின்னக் கசிவு இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் போதவில்லை என்று சென்சார் தவறாகச் சொல்ல, எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும். மைலேஜும் போகும், கன்வர்ட்டரும் போகும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதற்கும் அதே கதிதான். பிளக், காயில், ஆயில் புகை, கசிவு எல்லாம் பார்த்த பிறகே பார்ட்ஸ் கடைக்குப் போங்கள்.

பழையது செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? நன்றாக ஆறிய பிறகு கையால் தட்டுங்கள். உள்ளே கலகலவென்றால் பீங்கான் உடைந்திருக்கிறது. வண்டி மேடேற மறுத்து, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் மூச்சுத் திணறினால், அடைப்பாக இருக்கலாம். அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் கன்வர்ட்டருக்குப் பின்னால் இரண்டாவது சென்சார் கிடையாது. அதனால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி வாங்குவது. கம்பெனி ஒரிஜினல் கிடைத்து, விலையும் கட்டுப்படியானால் யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால் உங்கள் மாடலுக்கென்றே, உங்கள் எஞ்சினின் மாசு விதிக்கென்றே செய்ததை வாங்குங்கள். எந்தக் காருக்கும் வெட்டி ஒட்டலாம் என்று விற்கிற மலிவு ரகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. விலை குறைவதற்கு முக்கியமான வழி உள்ளே பூசும் உலோகத்தைக் குறைப்பதுதான். அது கண்ணுக்கும் தெரியாது, எடையிலும் தெரியாது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பார்ட்ஸ் கடைகளில் கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் வாங்கலாம். பழைய கன்வர்ட்டர் மட்டும் வேண்டாம். அது எந்த எஞ்சினின் ஆயிலைக் குடித்ததோ! சென்சார் மாட்டும் துளை பழைய இடத்திலேயே இருக்கிறதா, வெப்பம் தடுக்கும் தகடு கூட வருகிறதா என்று பாருங்கள். தகடு இல்லாத காரைக் காய்ந்த புல்மேல் நிறுத்துவது ஆபத்து.

நேர் பைப் யோசனைக்கு வருகிறேன். நல்ல நிலையில் உள்ள கன்வர்ட்டர் பிக்கப்பைத் தின்பது மிகவும் சொற்பம், அடைத்துக்கொண்டதுதான் தின்கிறது. பிஎஸ்-2, பிஎஸ்-3 (பாரத் ஸ்டேஜ்) மாசு விதிப்படி வந்த பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு அளவு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கும் முந்தைய கார்களுக்கு வரம்பு 3 சதவீதம். வெறும் பைப்போடு 0.5-க்குள் நிற்பது கடினம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

புதிய கன்வர்ட்டரை மாட்டிய பிறகு எஞ்சினை நன்றாகச் சூடேற்றிப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோங்கள். சுமார் 300 டிகிரி எட்டும் வரை கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யாது. குளிர்ந்த வண்டியை நிறுத்தி அளந்துவிட்டுப் பார்ட்ஸைக் குறை சொல்வதில் பயனில்லை. பேட்டரி இறங்கினால் தள்ளிக் கிளப்பும் பழக்கத்தையும் விடுங்கள். எரியாத பெட்ரோல் நேராகக் கன்வர்ட்டருக்குள்தான் போகும்.

கழற்றிய பழைய கன்வர்ட்டரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதில் மிச்சமிருக்கும் பிளாட்டினத்துக்கும் ரோடியத்துக்கும் விலை உண்டு. குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் நிறுத்தியிருந்த ஈக்கோ வேன்களின் சைலன்சரை, கன்வர்ட்டரோடு சேர்த்துத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனதெல்லாம் இதற்காகத்தான். கூலி பேசும்போதே, பழையது எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வேண்டாமென்றால், அதற்கான விலையைக் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.