வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்

(கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று வந்திருப்பீர்கள். இன்று வயிற்றைப் பற்றிப் பேசப் போகிறேன். முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள்; சிரியுங்கள். இந்த வெட்கத்தால்தான் நானும் நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மலத்தோடு ரத்தம் போயிற்று. முந்திய இரவு தின்ற சிவப்பு டிராகன் பழம் என்று மனத்தைத் தேற்றினேன். பழம் தின்னாத நாளிலும் வந்தது. அப்புறம் புற்றுநோய்ப் பயம் பிடித்துக்கொண்டது. செக்ரோல் எழுதும்போதெல்லாம், அடுத்த வருஷம் இந்தப் புத்தகத்தை யார் எழுதுவாரோ என்று நினைப்பேன். வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில், நான் அண்ணன் என்று கூப்பிடும் மூத்த பால்மரத் தொழிலாளி ஒருவர், நிரையைப் பாதியில் விட்டுவிட்டு அடிக்கடி ஓடைப் பக்கம் போகிறார் என்று மண்டோர் புகார் செய்தார். எச்சரிக்கைக் கடிதத்தை டைப் அடித்தது இந்தக் கைதான். கையெழுத்துப் போட வந்தவர், "தம்பி, போயிட்டு வந்தாலும் போகாத மாதிரியே இருக்கு. ரெண்டு மாசமா இப்படித்தான்" என்றார். ஆள் வெளுத்து, கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தார். மறுநாள் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். செலவு ஆளுக்கு 1 வெள்ளி.

டாக்டர் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே செய்யும் குழாய்ச் சோதனையைப் பற்றி லயத்தில் பலவிதமாகப் பேசுகிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். முதல்நாள் குடிக்கும் பேதி மருந்துதான் பெரும்பாடு, இரவெல்லாம் ஓட்டம். மறுநாள் அரைமயக்க ஊசி போட்டு, கேமரா வைத்த வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பார்கள். எனக்கு வயிறு உப்பியது தவிர வேறு தொல்லையில்லை. சின்னச் சதைமுளை இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். அது புற்றாக மாறப் பல வருஷம் பிடிக்கும். அதற்குள் எடுப்பதே லாபம்.

எனக்கு இருந்தது உள்மூலம். அண்ணனுக்குப் புற்று.

ரத்தம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூலம் போன்ற காரணம்தான். ஆனால் இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மலம் கழிக்கும் வழக்கம் சில வாரமாக மாறியிருந்தாலும், காரணமின்றி மெலிந்தாலும், சோகை பிடித்தாலும், மலம் தார்போல் கறுத்தாலும் டாக்டரிடம் போங்கள். (இரும்புச் சத்து மாத்திரையாலும் கறுக்கும், தின்றால் அதையும் சொல்லுங்கள்.) தொல்லை இல்லாதவர்களுக்கும் 50 வயதிலிருந்து கிளினிக்கில் மலச் சோதனை உண்டு. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் அதுவரை காத்திராமல் கேளுங்கள்.

கூலி போகுமே என்பீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, வேலைக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள்; 2023 ஜனவரி முதல் இது தனிக் கணக்கு. எம்.சி. சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

அண்ணனுக்கு ஆப்பரேஷன் ஆகி மூன்று மாதம் ஆகிறது. கஞ்சி குடித்து நடமாடுகிறார். எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும், அவருக்கு ஸ்டோரில் லேசான வேலை தர வேண்டும் என்று சங்கம் எழுதியிருக்கிறது. நிர்வாகத்திடமிருந்து இன்னும் பதில் இல்லை. இரண்டாவது கடிதம் செயலாளர் கையில் தயாராக இருக்கிறது. அதை டைப் அடித்ததும் நான்தான். கூட்டம் முடிந்ததும் கையொப்பமிடப் பத்து நிமிஷம் நில்லுங்கள்.