சிறியோரின் மூச்சு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. வாசகங்கள்: 2 அரசர்கள் 4:18-37, மத்தேயு 18:1-5, 10)



இன்றைய முதல் வாசகத்தில் சூனேம் ஊரைச் சேர்ந்த ஒரு தாயைப் பார்க்கிறோம். அறுவடை வயலுக்குப் போன மகன் தலைவலி என்று திரும்பி வருகிறான். நண்பகல் வரை தாயின் மடியில் இருக்கிறான். பிறகு மூச்சு நின்றுவிடுகிறது. இறைவாக்கினர் எலிசா தம் பணியாளனிடம் கோலைக் கொடுத்து அனுப்புகிறார். அதனால் பயன் இல்லை. அவரே வந்து, பிள்ளையின் வாயோடு வாய் வைத்துக் குனிந்து படுக்கிறார். உடல் சூடேறுகிறது. பிள்ளை ஏழு முறை தும்மிக் கண் திறக்கிறான். ஒரு பிள்ளையின் தும்மலைக்கூட எண்ணி எழுதி வைத்திருக்கிறது நம் திருவிவிலியம். சிறியோரின் மூச்சு கடவுளுக்கு அவ்வளவு பெரிய காரியம்.

சில மாதங்களுக்கு முன் வாலிகண்டபுரம் பக்கத்தில் வீடு சந்திப்புக்குப் போனோம். ஒரு வீட்டில் இரண்டரை வயதுப் பிள்ளை பாட்டியின் தோளில் சாய்ந்திருந்தான். "சளிதான் சாமி, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் பாட்டி. தலையில் கை வைத்துச் செபித்தோம். செபிக்கும்போதே கண்ணில் பட்டது: ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மாமா பைக்கை எடுத்தார். மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள். ஆறு நாள் கழித்துப் பிள்ளை நலமாக வீடு திரும்பினான், ஆண்டவருக்கு நன்றி.

ஆனால் அவன் தாய் கேட்ட கேள்வி நம்மை விடவில்லை. "இது மூணாவது தடவை சாமி. என் பிள்ளைக்கு மட்டும் ஏன்?" அன்று நாம், "கடவுள் காப்பாற்றுவார்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அது பொய்யில்லை, ஆனால் எலிசா கோலைக் கொடுத்தனுப்பியதுபோலத்தான் அந்தப் பதில் இருந்தது. மீண்டும் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்தோம். லாரி போகும் மண் சாலை. இலையெல்லாம் வெள்ளைத் தூசி. வீட்டில் கேஸ் இருக்கிறது, ஆனால் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். தெருமுனையில் குப்பை எரிகிறது. ராத்திரி கொசுவர்த்தி. குளிப்பாட்டினால் சாம்பிராணி.

தொடக்கநூலில் கடவுள் மண்ணைப் பிசைந்து, நாசியில் உயிர்மூச்சை ஊதுகிறார். மூச்சு, காற்று, ஆவி ஆகிய மூன்றுக்கும் எபிரேயத்தில் 'ரூவா' என்ற ஒரே சொல் போதும். கிரேக்கத்தில் 'நியூமா'. நிமோனியா என்ற நோயின் பெயரும் அந்தச் சொல்லுக்கு உறவுதான். கடவுள் ஊதிய மூச்சு போகும் வழியில் நாம் எதைப் போடுகிறோம் என்பதே கேள்வி.

பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பிறந்த பிள்ளை 40 முதல் 60 முறை. உடல் எடையோடு ஒப்பிட்டால் நம்மைவிட அதிகக் காற்றை அது இழுக்கிறது. உயரம் குறைவு, ஆகவே தரையோடு எழும் தூசிக்கு அதன் மூக்கு அருகில் இருக்கிறது. மூச்சுக்குழாய் சிறியது, கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். பிறக்கும்போது நுரையீரல் முழுதாக முடிந்திருப்பதில்லை. நுண்ணிய காற்றறைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் உருவாகிறது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் புகையை விடுவது போன்றது அது.

நோய் எதிர்ப்புச் சக்தியின் கதையும் இதுதான். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மெல்லிய முடிபோன்ற இழைகள் அசைந்து, சளியில் சிக்கிய தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகின்றன. அதைத் தாண்டிப் போவதைக் காற்றறைகளில் இருக்கும் காவல் அணுக்கள் விழுங்கி அழிக்கின்றன. புகை அந்த இழைகளை முடக்குகிறது. மிக நுண்ணிய துகள், அதாவது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவானது, காற்றறை வரை போய்விடுகிறது. காவல் அணுக்கள் துகளை விழுங்கியே சோர்ந்துபோனால் கிருமியை யார் பிடிப்பது? அதனால்தான் ஒரு சளி மூன்றாவது தடவை நிமோனியாவாக வருகிறது. அந்தத் தாய் செய்த பாவமும் இல்லை, யார் கண்ணும் பட்டதில்லை.

2016-ஆம் ஆண்டில் மட்டும் மாசுபட்ட காற்றால் வந்த சுவாசத் தொற்றுகளில் உலகெங்கும் சுமார் 6 லட்சம் சிறார்கள் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. லண்டனில் 2013-இல் ஆஸ்துமாவால் இறந்த 9 வயதுச் சிறுமி எல்லாவின் மரணத்துக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அவள் தாய் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற உண்மை அது. நம் மண்ணிலும் ஆய்வு நடந்திருக்கிறது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து, தாய் சுவாசிக்கும் நுண்துகள் கூடக்கூடப் பிள்ளையின் பிறப்பு எடை குறைவதை 2018-இல் வெளியிட்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள் உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். வீட்டுப் புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் முதல் ஆண்டில் பிள்ளைகளுக்கு வந்த நிமோனியா எதிர்பார்த்தபடி குறையவில்லை. கேஸ் வேண்டாம் என்பது இதன் பொருள் அல்ல. ஒரு வீட்டின் அடுப்பை மாற்றினாலே எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் ஓய்ந்துவிடக் கூடாது. தெருவின் காற்று வீட்டுக்குள் வரும். காற்றுக்கு வேலி கிடையாது. கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, நம் தெரு என்று அது பார்ப்பதில்லை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் கல்லையும் சுண்ணாம்பையும் நம்பி வாழ்பவை. குவாரியும் கிரஷரும் சிமெண்டு ஆலையும் நம் பங்கு மக்கள் பலருக்குச் சோறு போடுகின்றன. அந்த வேலையை நாம் பழிக்கவில்லை. ஆனால் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவதும், சாலையிலும் கிரஷரிலும் தண்ணீர் தெளிப்பதும் யாரும் நமக்குக் காட்டும் தயவு அல்ல. செய்ய வேண்டிய கடமை. கேட்பது நம் உரிமை.

கேட்பதற்கு முன் நம் கையைப் பார்ப்போம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் மறுநாள் நம் ஆலய வளாகத்தில் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தோரணம் எல்லாவற்றையும் குவித்துத் தீ வைத்தோம். பக்கத்து வீட்டுத் தொட்டிலுக்கு அந்தப் புகை போனது. அதை நாம் அறிக்கையிடுகிறோம். இந்த ஆண்டு முதல் ஆலயத்தில் எதுவும் எரிக்கப்படாது. பீடத்தில் தூபம் ஏற்றும் நாமே தாய்மாரிடம் இதையும் கேட்கிறோம்: குழந்தையின் தலைக்குச் சாம்பிராணிப் புகை வேண்டாம், துண்டால் துவட்டினால் போதும். கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டுங்கள். விறகு மூட்டும்போது பிள்ளையை இடுப்பில் வைக்காதீர்கள். குவாரியிலிருந்து வரும் தகப்பன்மாரே, குளித்து உடை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். வீட்டுக்குள் பீடி வேண்டவே வேண்டாம்.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். நிமோனியாத் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் இலவசமாகப் போடப்படுகிறது: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். தவறவிட்டிருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். சளி பிடித்த பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையை எட்டினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் 108-ஐ அழையுங்கள். எங்களைச் செபிக்க அழைக்கும் முன் அதைச் செய்யுங்கள். நாங்கள் மருத்துவமனைக்கே வந்து செபிக்கிறோம்.

மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் இளைஞராக இருந்தபோது நுரையீரலின் ஒரு பகுதியை இழந்தவர். மூச்சின் அருமை தெரிந்தவர். 2015-இல் அவர் எழுதிய சுற்றுமடலில் காற்று மாசால் ஏழைகளே அதிகம் துன்பப்படுவதைச் சுட்டிக்காட்டினார். நம்பிக்கைக்கும் இடமுண்டு. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் அழுக்குக் காற்றில் வளர்ந்த சிறாரின் நுரையீரல் வளர்ச்சி குன்றியதைக் கண்டார்கள். பின்னர் காற்று தூய்மையானபோது, அடுத்து வந்த சிறாரின் நுரையீரல் நன்றாக வளர்ந்ததையும் அதே ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினார்கள்.

வரும் அக்டோபர் 2 காவல் தூதர்கள் திருநாள். சிறியோரின் வானதூதர்கள் எப்போதும் விண்ணகத் தந்தையின் முகத்தைக் காண்கிறார்கள் என்று ஆண்டவர் சொன்ன நற்செய்தியை அன்று கேட்போம். அதே நாளில்தான் கிராமசபையும் கூடுகிறது. காலையில் திருப்பலி, அது முடிந்ததும் நேரே கிராமசபை. சாலைத் தூசிக்குத் தண்ணீர், லாரிக்குத் தார்ப்பாய், குப்பை எரிப்புக்குத் தடை என்ற மூன்றையும் தீர்மானமாக எழுதக் கேட்போம். அந்தப் பிள்ளையின் தாயும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரைத் தனியாகப் பேச விடாதீர்கள்.

செபிப்போம். உயிர்மூச்சைத் தந்த தந்தையே, எங்கள் கவனக்குறைவால் மூச்சு முட்டிய சிறியோருக்காக எங்களை மன்னியும். கோலை அனுப்பிவிட்டு நிற்காமல், எலிசாவைப்போல் நாங்களே குனிந்து அவர்கள் அருகில் இருக்க வரம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.