இதய வால்வில் ஒளிந்திருக்கும் அரிய கிருமிகள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று அதிகம் பேசப்படாத ஒரு நோயைத் தெரிவு செய்துள்ளேன். இதயத்தின் உட்சுவரிலும் வால்வுகளிலும் ஏற்படும் கிருமித் தொற்று அது. அடிக்கடி வரும் நோயல்ல. ஆனால் வந்தபின் கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கும். அதிலும் அரிய வகைப் பற்றீரியாக்கள் காரணமாக இருந்தால் நோயைக் கண்டுபிடிப்பதே பெரும் சிரமம். அந்தச் சிரமத்தைக் குறைக்க நோயாளியாலும் குடும்பத்தாராலும் முடியும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

எமது இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை திறந்து மூடுகின்றன. மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும்வரை கிருமிகள் அதில் இலகுவில் ஒட்டுவதில்லை. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலினால் வால்வு தழும்பேறியிருந்தால், பிறவியிலேயே குறை இருந்தால், அல்லது செயற்கை வால்வு பொருத்தப்பட்டிருந்தால், இரத்தத்தில் தற்செயலாகப் புகும் கிருமி அங்கே குடியேறிவிடும். கிருமியும் உறைந்த இரத்தமும் சேர்ந்து ஒரு சிறு திரளாக வளரும். அதிலிருந்து ஒரு துண்டு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். வால்வு அரிக்கப்பட்டால் இதயம் செயலிழக்கும்.

1885ஆம் ஆண்டு இலண்டனில் சேர் வில்லியம் ஒஸ்லர் இந்நோய் பற்றி ஆற்றிய விரிவுரைகள் புகழ்பெற்றவை. பென்சிலின் வரும்வரை இது பெரும்பாலும் மரணத்தில் முடிந்த நோய். இன்றும் நோயாளிகளில் பெரும்பான்மையினருக்கு ஸ்ரபிலோகொக்கசு, ஸ்ரெப்ரோகொக்கசு, என்ரரோகொக்கசு ஆகிய வழக்கமான பற்றீரியாக்களே காரணம். இவை இரத்தப் பரிசோதனையில் ஓரிரு நாளில் வளர்ந்து தம்மைக் காட்டிவிடும். அரியவை அப்படியல்ல.

முதலாவது, வாயிலும் தொண்டையிலும் வாழும் ஐந்து இனக் கிருமிகள். அவற்றின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தியர்கள் 'ஹசெக்' என்பார்கள். இவை மெதுவாக வளர்பவை. முன்னர் ஆய்வுகூடத்தில் இரண்டு வாரங்களுக்கு மேலும் இரத்தப் போத்தலை வைத்துக் காத்திருந்தார்கள். இப்போதைய இயந்திரங்கள் பெரும்பாலும் ஐந்து நாட்களுக்குள் கண்டுபிடித்துவிடுகின்றன. கண்டுபிடித்தால் ஏறத்தாழ நான்கு வார ஊசி மருந்தில் குணமாக்கலாம்.

இரண்டாவது, கியூ காய்ச்சல். 1935இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகர இறைச்சிக்கூடத் தொழிலாளருக்கு இனந்தெரியாத காய்ச்சல் வந்தது. அதை ஆராய்ந்த எட்வேட் டெரிக், காரணம் கேள்விக்குறியாக இருந்தபடியால், கேள்வி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தையே பெயராக வைத்தார். பின்னர் கண்டறியப்பட்ட கிருமிதான் கொக்சியெல்லா. ஆடு, செம்மறி, மாடு ஈனும்போது நஞ்சுக்கொடியோடும் திரவங்களோடும் இது ஏராளமாக வெளியேறும். காய்ந்த பின் தூசியோடு கலந்து மனிதரின் மூச்சில் புகும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை, பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து பரவி, 4,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் பதிவானது. பண்ணைக்குள் கால் வைக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். சிலருக்குக் காய்ச்சல் மாறிய பின் மாதங்கள், வருடங்கள் கழித்து இதய வால்வில் நோய் வெளிப்பட்டது.

இந்தக் கிருமி எமது கலங்களுக்கு உள்ளேயே வாழ்வதால் சாதாரண இரத்த வளர்ப்புச் சோதனையில் அகப்படாது. இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளைத் தேடும் தனிச் சோதனை வேண்டும். சிகிச்சையும் நீண்டது. டொக்சிசைக்கிளினுடன் ஹைட்ரொக்சிகுளோரோகுயினைச் சேர்த்துக் குறைந்தது 18 மாதங்கள் கொடுக்க வேண்டும். இரண்டாவது மருந்து மலேரியா மருந்தின் உறவு. லூபஸ் நோயாளிகள் பாவிப்பதும் அதுவே. கிருமி ஒளிந்திருக்கும் அமிலத்தன்மையான அறையின் அமிலத்தை அது குறைக்கிறது. அப்போதுதான் முதல் மருந்து நன்கு வேலை செய்கிறது.

மூன்றாவது, பார்ட்டனெல்லா. இதன் ஓர் இனம் முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த படையினருக்கு உடற்பேன் மூலம் காய்ச்சலைப் பரப்பியது. 1995இல் பிரான்ஸில் வீடற்ற மனிதர்களின் இதய வால்வுகளில் அதே கிருமி இருந்தது வெளியாயிற்று. இன்னோர் இனம் பூனைகளிலிருந்தும் அவற்றின் தெள்ளுகளிலிருந்தும் வருவது. காய்ச்சாத பாலின் மூலம் வரும் புரூசெல்லாவும் அரிதாக இதயத்தைத் தாக்கும்.

இவற்றைப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். இக்கிருமிகளை முதலில் காட்டிக்கொடுப்பது இயந்திரமல்ல. நோயாளி சொல்லும் கதை. வீட்டில் ஆடு ஈன்றதா, பூனை வளர்க்கிறீர்களா, பச்சைப் பால் குடித்தீர்களா, எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்று வைத்தியர் கேட்டால், அது வீண் விசாரணை அல்ல. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இனி மிக முக்கியமான விடயம். இரத்தச் சோதனையில் கிருமி அகப்படாமல் போவதற்கு அரிய பற்றீரியாவைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. இரத்தம் எடுக்குமுன்னரே அன்ரிபயோட்டிக் குடித்துவிடுவதுதான் அது. பாமசியில் வாங்கிய நான்கு குளிசை, அயலவர் கொடுத்த மிச்ச மருந்து, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பெட்டி, இவை காய்ச்சலைச் சில நாள் அடக்கும். வால்வில் உள்ள கிருமி அழியாது. ஆனால் சோதனைப் போத்தலில் வளராது. சாதாரண கிருமியும் அதனால் கண்டுபிடிக்க முடியாததாகிவிடும். எதிரி யாரென்று தெரியாமல் ஆறு வாரம் மருந்தேற்ற வேண்டிய நிலை வரும்.

ஆகவே சகோதரிகளே, இதய வால்வில் குறையுள்ளவர்கள் பின்வருவனவற்றை மனதில் வைத்திருங்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு, புதிதாக வரும் மூச்சுக் களைப்பு இருந்தால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். "எனக்கு வால்வில் குறை இருக்கிறது" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று தடவை இரத்தம் எடுப்பார்கள், சலித்துக்கொள்ள வேண்டாம். நோய் கடுமையாக இருந்தால் இரத்தம் எடுத்த உடனேயே மருந்தைத் தொடங்குவார்கள். அதைத் தடுக்கவும் வேண்டாம். பல்லையும் முரசையும் சுத்தமாக வைத்திருங்கள். செயற்கை வால்வு உள்ளவர்களும் முன்னர் இந்நோய் வந்தவர்களும் பல் பிடுங்கப் போகுமுன் வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு வேளை தடுப்பு மருந்து தேவைப்படும்.

பாடசாலைக் காலத்தில் மாதாந்தப் பென்சிலின் ஊசி போட்ட பிள்ளைகள் எம்மிடையே இருந்திருப்பார்கள். கலியாணப் பேச்சு வந்ததும் ஊசியையும் கிளினிக் கொப்பியையும் மறைத்துவிடும் வழக்கம் எம் சமூகத்தில் இன்னும் உண்டு. இதனால் பாதிக்கப்படுவது அந்தப் பெண்தான். கர்ப்ப காலத்தில் இதயத்தின் வேலை கூடும்போது மறைத்த குறை வெளியே வரும். இதய நோய் ஒரு குற்றமல்ல. தாய்மாராகவும் மாமிமாராகவும் இருக்கும் நாங்கள் இதை முதலில் ஏற்றுக்கொள்வோம்.

இன்று பல தேசங்களில் பரந்து வாழும் எம்மவர் இந்த மலரை வாசித்து, வீட்டில் ஒருவருக்கேனும் இதை எடுத்துச் சொன்னால் அதுவே போதும்.