இடுப்பில் மறைத்த இரும்பு



கைத்துப்பாக்கி என்று சொன்னவுடனே நம்மில் பலருக்குத் திரைப்படக் கதாநாயகனுடைய ஞாபகந்தான் வருமேயல்லாது, அதை வாங்குகிறவன் எதை உத்தேசித்து வாங்குகிறான், என்ன லட்சணங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறான் என்ற விசாரணையில் நாம் இறங்குவதில்லை. அமெரிக்காவில், சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போவதற்குத் தோதான துப்பாக்கி எது என்பது, நம்மூரில் மோட்டார் சைக்கிள் வாங்குவதற்கு முன் நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்பதுபோலச் சர்வசாதாரணமாகப் பேசப்படும் சங்கதி. மலேசியாவில், நமது கிள்ளான் பள்ளத்தாக்கிலோ அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இடமில்லாமற் போனதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஆயுதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மறைத்து வைப்பதற்கு உரிய துப்பாக்கி தட்டையாக இருக்க வேண்டும். ஆறு தோட்டாக்களைத் தாங்கும் உருளையையுடைய ரிவால்வர், அந்த உருளையின் பருமனாலேயே சட்டைக்கு வெளியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தோட்டாக்களைக் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொள்ளும் பிஸ்டலுக்கு அந்தக் குறை கிடையாது. ஜான் மோசஸ் ப்ரௌனிங் என்ற அமெரிக்கர் வகுத்துக் கொடுக்க, பெல்ஜியம் தேசத்து எஃப்.என். தொழிற்சாலை 1900-ஆம் ஆண்டிலிருந்து செய்து விற்ற சிறு பிஸ்டல்கள் ஐரோப்பாவெங்கும் பிரசித்தி அடைந்ததற்கு இந்தத் தட்டையான ஆகிருதியும் ஒரு முக்கிய காரணம். ரிவால்வரை விட மனமில்லாதவர்கள் அதைச் செதுக்கிச் சிறிதாக்கினார்கள். 1920-களில் கோல்ட் கம்பெனியைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர், குழலை இரண்டு அங்குலமாகக் குறைத்து, சட்டைப்பைத் துணியில் மாட்டிக்கொள்ளாதிருக்கப் பின்புறத்துக் குதிரையின் கொண்டையை அராவி, விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் முன்பாதியையும் வெட்டி எறிந்து, விரல் தடையின்றிப் போய் அமரும்படி ஒரு விசேஷத் துப்பாக்கியைத் தயார் செய்தார். கெட்டிக்காரத்தனந்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காப்பு வளையம் எதற்காக இருக்கிறது என்று யோசிக்கிற எவனும் அந்தத் துப்பாக்கியைத் தன் தொடையருகே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காரத் துணியமாட்டான் என்பது என் அபிப்பிராயம். குழல் குறைந்தால் குறி தவறும்; எடை குறைந்தால் உதைப்பு மிகும். நமது சீதோஷ்ணத்தில் இன்னுமொரு தொல்லை: உடம்போடு ஒட்டிக் கிடக்கும் எஃகு, வியர்வையின் உப்பினால் சீக்கிரத்திலேயே துருப்பிடித்துவிடும். கோட்டு அணியாத தேசத்தில் எதை எதற்குள் மறைப்பது என்ற கேள்விக்கு, இடுப்புக்கு வெளியே தொங்கும் பாத்தேக் சட்டை ஒன்றே பதில்.

தமிழர் சரித்திரத்தில் மறைத்து வைத்த பிஸ்டலுக்குப் பேர்பெற்ற உதாரணம் மணியாச்சி. 1911 ஜூன் 17-ஆந் தேதி அந்த ரயில் சந்திப்பில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டுவிட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த ப்ரௌனிங் பிஸ்டல். இந்தியாவில் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், இந்தியன் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்று விதித்துவிட்டு, ஐரோப்பியருக்கு அந்த நிர்ப்பந்தத்திலிருந்து விலக்கு அளித்திருந்தது. ஒரே இரும்பு, இடுப்புக்கு இடுப்பு வேறு அர்த்தம்.

இதே பேதம் நம்மூருக்கு வந்தது 1948-இல். அந்த ஜூன் மாதம் 16-ஆந் தேதி பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட, இரண்டொரு நாளில் மலாயா முழுவதற்கும் அவசரகாலம் பிரகடனமாயிற்று. அதன்பின் தோட்டத்துத் துரைமார் இடுப்பில் ரிவால்வரில்லாமல் வெளியே போகவில்லை. துரைசானிகளும் சுடப் பழகினார்கள். இரவில் தலையணைக்கடியில் துப்பாக்கி, பங்களாவைச் சுற்றி முள்வேலி, வாசலில் விசேஷக் கான்ஸ்டபிள்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அதே சமயத்தில், அதே தோட்டத்து லயத்தில் இருந்தவனிடம் அனுமதியற்ற ஒரு துப்பாக்கி அகப்பட்டால், அவசரகால விதிகளின்படி அவனுக்குத் தூக்கு. அவன் அதைக்கொண்டு யாரையும் சுட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. கைவசம் இருந்ததே போதும்.

அந்த விதி தீண்டிய தமிழர்களில் பெயர் நிலைத்துவிட்டவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை ஜில்லாவில் பிறந்து, இளம் பிராயத்திலேயே இக்கரைக்கு வந்து, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த அவர், அந்தச் சம்மேளனம் 1948-இல் சட்ட விரோதமாக்கப்பட்ட பின் தலைமறைவாக வாழ வேண்டியவரானார். 1949 மார்ச் முதல் தேதி, கோலாலம்பூருக்கு வடக்கே, ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தருகில் அவர் பிடிபட்டார். அவரிடம் இருந்தவை ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். அந்தத் துப்பாக்கி தமக்குத் தற்செயலாகக் கிடைத்ததென்றும், போலீஸில் ஒப்படைக்கக் கொண்டுபோய்க்கொண்டிருந்ததாகவும் அவர் தரப்பில் சொல்லப்பட்டதாக நூல்கள் கூறுகின்றன. கோலாலம்பூர் நியாயஸ்தலம் அதை ஏற்கவில்லை. பிடிபட்டுப் பதினைந்து நாளைக்குள் மரண தண்டனை, அப்பீல் தள்ளுபடி, இந்திய அரசாங்கம் எடுத்துச் சொல்லியும் பயனின்றி, மே 4-ஆந் தேதி புடு சிறைச்சாலையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். கைதுக்கும் கயிற்றுக்கும் இடையே கழிந்தது இரண்டு மாதமும் சில நாட்களுமே. அவருடைய அரசியலை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. அந்த வழக்கை நான் இங்கே மறுபடி நடத்த வரவில்லை. ஆயினும் ஒன்று கேட்கலாம்: அதே மாதத்தில் அதே ரவாங் சாலையில் இடுப்பில் ரிவால்வரோடு மோட்டாரில் போன துரையை எந்தப் போலீஸ்காரன் நிறுத்தினான்? இன்று அந்தப் புடு சிறையின் மதில்களை இடித்துத் தள்ளிவிட்டு, நுழைவாயிலை மாத்திரம் நினைவாக விட்டு, பக்கத்திலேயே பிரம்மாண்டமான அங்காடி எழுப்பியிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் நம் பிள்ளைகள் ஐஸ்கிரீம் கையோடு அந்த வாசலின் முன் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

அவசரகாலம் 1960-இல் முடிவுற்றது. அதன் கடுமை முடிவுறவில்லை. அதே வருஷம் பிறந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பிரதேசத்தில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு மரண தண்டனை என்பதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1977-இல் பினாங்கில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு அந்தச் சட்டப்படி மரண தண்டனை விதித்தார்கள் என்றால், அதன் கைக்கு வயது வித்தியாசமும் தெரிந்திருக்கவில்லை. பின்னர் மன்னிப்புக் கிடைத்து அவன் உயிர் தப்பினான். 2012-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

இன்றைக்கு நடைமுறையில் இருப்பவை பிரதானமாக இரண்டு: 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 1971-ஆம் ஆண்டின் சுடுகருவிகள் தண்டனை அதிகரிப்புச் சட்டம். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால், பின்னதன்படி பதினான்கு வருஷம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. கொள்ளை முதலிய குற்றங்களைச் செய்கையில் கொல்லும் அல்லது காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டால் மரண தண்டனை என்று கட்டாயமாயிருந்ததை 2023-இல் தளர்த்தி, நீதிபதியின் விவேகத்துக்கு விட்டிருக்கிறார்கள். துப்பாக்கியைத் தன் ருசிக்கேற்ப மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஷரத்து ஒன்று ஆயுதச் சட்டத்தின் விளக்கப் பகுதியிலேயே இருக்கிறது: துப்பாக்கியின் உறுப்பு எதுவாயினும் அதுவும் ஆயுதமே. குழல் ஒன்றைத் தனியாகத் தபாலில் வரவழைத்தாலும் ஆயுதம் வரவழைத்த கணக்கு. காற்றுத் துப்பாக்கியும் அதில் சேர்த்தி. அசல்போலச் செய்த போலித் துப்பாக்கிக்குக்கூடத் தண்டனை உண்டு. ஆகவே வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைக்கென்று பத்திரமாய்ப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பொம்மை, சுங்க அதிகாரியின் மேஜையில் வேறு மாதிரி தோன்றக்கூடும்.

லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவருடையது. பிரிக்ஃபீல்ட்ஸ்வாசியின் மனு கோலாலம்பூர்த் தலைமையகத்துக்கும், கிள்ளான்வாசியினது ஷா ஆலாமுக்கும் போய்ச் சேரும். பிராணபயம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. தொழில் என்ன, பணப்புழக்கம் எவ்வளவு, மிரட்டல் வந்ததா, போலீஸில் புகார் உண்டா, வழக்கில் சிக்கியவரா என்று அதிகாரிகள் துருவிப் பார்ப்பார்கள். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். இந்தக் கஞ்சத்தனத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் செல்வாக்குள்ளவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கிறது என்று சாதாரண ஜனங்கள் முணுமுணுப்பதையும் பொய்யென்று தள்ள முடியவில்லை.

கிள்ளானில் தெங்கு கெலானா சாலையில் நகைக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், சீருடையணிந்த காவலாளி, முழங்காலின்மேல் குறுக்காகப் பம்ப் துப்பாக்கியைக் கிடத்திக்கொண்டு அமர்ந்திருப்பான். வேலை முடிந்ததும் துப்பாக்கி நிறுவனத்தின் பூட்டுக்குள் போய்விட வேண்டும். மறைத்து வைப்பதற்கு நேர்விரோதமான ஏற்பாடு இது. வருகிறவன் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகட்டும் என்பதே நோக்கம். சுட நேர்ந்தால் அந்தக் காவல் பாதி தோற்றுவிட்டதாகவே அர்த்தம். மறைந்திருக்கும் பிஸ்டல் யாரையும் திரும்பிப் போகச் சொல்வதில்லை. சண்டை ஆரம்பித்த பிறகுதான் அது வெளியே வருகிறது, அதற்குள் வழிப்பறிக்காரனின் கத்தி இரண்டடி தூரத்தில் நிற்கிறது.

கடைசியாக, நடைமுறையில் உதவக்கூடிய ஒரு செய்தி. பழைய தோட்டத்துக் குடும்பங்களில், கிராணியாகவோ விசேஷக் கான்ஸ்டபிளாகவோ இருந்த தாத்தா காலஞ்சென்ற பின், டிரங்குப் பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஏதாவதொன்று அகப்படுவது நடக்கக்கூடியதே. அவருக்கு லைசென்ஸ் இருந்திருந்தாலும் அது பிள்ளைகளுக்குச் சொத்துபோல இறங்குவதில்லை. அப்படி ஒன்றைக் கண்டால், பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போலீஸ் நிலையத்துக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். வழியில் சாலைத் தடுப்பில் நிறுத்தினால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்று சொல்லி நம்பவைப்பது சிரமம். அதைத் தொடாமல், இருந்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டிவிட்டு, நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர்களே வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். எடுத்ததற்கு ஒரு ரசீதும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.